தோளுக்குப் பின்னால் இருந்த வால்வு: ஒரு லாங்-ஈசி விமானத்தின் நிகழ்வு ஆய்வு

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து மாலை 5 மணி 12 நிமிடத்துக்கு லாங்-ஈசி என்ற ஒரு சின்ன விமானம் கிளம்பியது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். அன்று உள்ளே இருந்தவர் ஒருவர்தான். ஓடுபாதையைத் தொட்டவுடன் மேலெழும் பயிற்சியை மூன்று முறை செய்துவிட்டு, மேற்கே கடற்கரைப் பக்கம் போனார். 5 மணி 28 நிமிடத்துக்கு, பசிஃபிக் குரோவ் ஊரை ஒட்டிய கடலில், கரையிலிருந்து சுமார் 150 கெஜம் தள்ளி விமானம் தலைகுப்புற விழுந்தது. ஓட்டியவர் இறந்துபோனார். அவர் உலகம் அறிந்த பாடகர் ஜான் டென்வர். வயது 53.

கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து பார்த்த சுமார் 20 பேரிடம் விசாரணையாளர்கள் பேசினார்கள். விமானம் 350 முதல் 500 அடி உயரத்தில் வந்ததாகப் பலர் மதிப்பிட்டார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். என்ஜின் சத்தம் சட்டென்று குறைந்ததாகவும் சொன்னார்கள். அதையடுத்து விமானம் சாய்ந்தது, மூக்கு கீழே போனது, நீரில் மோதியது. எல்லாம் சில நொடிகளுக்குள்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் “எரிபொருள் போடாமல் போய்விட்டார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவது உண்டு. அது பொய்யில்லை. ஆனால் வரைபடம் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்ட நினைக்கும் ஒருவருக்கு அந்த வரியால் பயன் இல்லை. இது வீட்டில் கட்டிய விமானம். கட்டியவர் டென்வர் இல்லை, வேறொருவர். அவர் வரைபடத்திலிருந்து ஓர் இடத்தில் விலகினார். அதற்கு நல்ல காரணமும் வைத்திருந்தார். பல வருடம் கழித்து அதன் விலையைக் கொடுத்தவர் அந்த விமானத்தை அப்போதுதான் வாங்கிய இன்னொருவர். அந்த விலகலைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன்.

வரைபடமும் விமானமும்

லாங்-ஈசியை வடிவமைத்தவர் பர்ட் ரூட்டன். 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானமும் அவருடைய வடிவமைப்புதான். 1970-களின் நடுவில் வேரிஈசி என்ற சின்ன விமானத்தைக் கொண்டுவந்தார். அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, நெடுந்தூரம் போகும்படி செய்ததுதான் லாங்-ஈசி. முதலில் பறந்தது 1979 ஜூனில். அவருடைய நிறுவனம் முழு விமானத்தை விற்கவில்லை, வரைபடத்தைத்தான் விற்றது. 1985-இல் அந்த விற்பனையையும் நிறுத்திக்கொண்டது.

கட்டும் முறை கேட்பதற்கு எளிதாக இருக்கும். நீல நிற ஸ்டைரோஃபோம் கட்டையின் இரண்டு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் வெட்டிய டெம்ப்ளேட்டைப் பொருத்த வேண்டும். சூடேற்றிய கம்பியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இருவரும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே மெதுவாக இழுத்தால் இறக்கையின் உருவம் வந்துவிடும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்சி என்ற பசையில் ஊறவைக்க வேண்டும். அச்சு தேவையில்லை, பெரிய இயந்திரமும் தேவையில்லை. யூரித்தேன் ஃபோமை மட்டும் சூட்டுக்கம்பியில் வெட்டக்கூடாது, நச்சுப்புகை வரும். அதைக் கத்தியால் செதுக்கித்தான் வடிவம் கொண்டுவர வேண்டும்.

‘பிளான்’ என்றதும் பலர் சுருட்டி வைத்த நீலத்தாள்களை நினைக்கிறார்கள். ரூட்டனின் பிளான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது போன்ற ஒரு பாடப்புத்தகம். எந்தப் பாகத்தையும் தொடுமுன் ஒரு பயிற்சித் துண்டைச் செய்யச் சொல்லும். காய்ந்ததும் சொன்ன அளவுக்கு வெட்டி எடை போடச் சொல்லும். எடை கூடியிருந்தால் எபாக்சியை அதிகம் ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள், திரும்பவும் செய்ய வேண்டியதுதான். இப்படிக் கையைப் பழக்கிய பிறகுதான் உண்மையான வேலைக்கு விடும்.

வரைபடம் கைக்கு வந்தவுடன் வடிவமைப்பாளரின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. கட்டுபவர்களுக்கு ரூட்டனின் நிறுவனம் மடல்கள் அனுப்பிக்கொண்டே இருந்தது. பிழைத் திருத்தம், மேம்பாடு, விருப்பமிருந்தால் செய்யலாம் என்பவை, இதைச் செய்து முடிக்கும்வரை பறக்கவே கூடாது என்பவை என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தரம் போட்டிருந்தார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். லாங்-ஈசிக்கு மூக்குப் பக்கம் கானார்ட் எனப்படும் சின்ன முன்னிறக்கை உண்டு. முதலில் வரைந்த முன்னிறக்கை மழையில் நனைந்தால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழ்ந்தது. ஜான் ரான்ஸ் என்ற காற்றியக்க வல்லுநர் மழைக்கு அசராத புதிய வடிவத்தை உருவாக்கிக் கொடுத்தார், அதற்கும் பிளான் வந்தது. பறந்து பார்த்து, தவறு கண்டு, திருத்தி எழுதிய அனுபவம் முழுக்க அந்தத் தாள்களில் இருக்கிறது. ஒரு பாகம் ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணத்தைத் தாள் எல்லா இடத்திலும் சொல்வதில்லை. ஆனால் காரணம் பெரும்பாலும் உண்டு.

முன்னிறக்கை விமானத்தின் பெரிய பலம், வேகம் குறையும்போது அதுவே முதலில் தூக்குவிசையை இழந்து மூக்கைத் தானாகவே இறக்கிவிடும் என்பது. பிரதான இறக்கை அதனால் தப்பிக்கும், சுழன்று விழும் ஆபத்து மிகவும் குறைவு. லாங்-ஈசி பாதுகாப்பான வடிவமைப்பு என்று நம்பிக்கையோடு சொல்லப்பட்டது இதனால்தான். நானும் அப்படியே நம்புகிறேன். விபத்துக்கு வடிவமைப்பு காரணம் என்று விசாரணையும் சொல்லவில்லை.

இந்த நிகழ்வுக்குத் தேவையான இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, ரடர். மூக்கை இடமாகவோ வலமாகவோ திருப்பும் அசையும் தகடு அது. வழக்கமான விமானத்தில் வாலில் ஒரே ரடர் இருக்கும், இரண்டு பெடலும் அதைத்தான் அசைக்கும். லாங்-ஈசியில் இறக்கை நுனிகளில் நிற்கும் இரண்டு செங்குத்துத் தகடுகளிலும் தனித்தனி ரடர். வலது பெடலை மிதித்தால் வலது ரடர் மட்டும் வெளிப்பக்கம் திறக்கும். இடதுக்கும் அப்படியே. இரண்டு பெடலுக்கும் இடையே இணைப்பு இல்லை. இரண்டாவது, ஸ்டிக் என்ற ஓட்டும் கோல். அது கால்களுக்கு நடுவே இல்லை, வலது கைப்பக்கம் இருக்கிறது. வலது கை விமானத்தை ஓட்டும், இடது கை என்ஜின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எரிபொருள் ஓடும் வழி

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் டேங்குகள். பிளான்படி ஒவ்வொன்றும் 26 கேலன், மொத்தம் 52. கிட்டத்தட்ட 197 லிட்டர். இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுக்கும் ஏற்பாடு கிடையாது. எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வால்வுக்கு இடது, வலது, மூடு என்று மூன்று நிலைதான். காரணம் எளிது. டேங்க் தாழ்வாக இருப்பதால் பம்ப் எரிபொருளை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. இரண்டு டேங்கும் திறந்திருந்து அதில் ஒன்று காலியானால், பம்ப் அந்தக் காலி டேங்கிலிருந்து காற்றை இழுக்கும். காற்று போனால் என்ஜின் நிற்கும்.

ஆகவே விமானி பறக்கும்போதே நேரம் பார்த்து டேங்க் மாற்றியாக வேண்டும். அப்படியானால் இந்த வால்வை ஸ்டிக், ரடர் வரிசையில்தான் வைக்க வேண்டும். எப்போதாவது தொடும் சாமான் என்று நினைத்து ஒதுக்க முடியாது. பிளான் அதை விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணுக்கு எதிரே வைத்தது. இடது கையை நீட்டினால் போதும். வலது கை ஸ்டிக்கை விட வேண்டாம், தலை திரும்ப வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. என்ஜின் விமானத்தின் பின்கோடியில் இருக்கிறது. டேங்குகளிலிருந்து குழாய்கள் காக்பிட்டின் முன்பக்கம் வரை வந்து, வால்வைத் தொட்டுத் திரும்பவும் பின்னால் போக வேண்டும். அதாவது பெட்ரோல் குழாய் விமானியின் காலடியில் ஓடும். கட்டியவருக்கு இது பிடிக்கவில்லை. குழாய் கசிந்தால், மோதலில் உடைந்தால், காக்பிட்டுக்குள்ளேயே எரிபொருள். அதனால் குழாய்களை முன்னால் கொண்டுவராமல், வால்வின் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் வைத்தார்.

இந்த முடிவை யாரும் அவசரப்பட்டு முட்டாள்தனம் என்று சொல்லிவிடக்கூடாது. தீ விமானியின் முதல் பயம். அதிலிருந்து காப்பாற்றத்தான் அவர் நினைத்தார். ஓர் ஆபத்தை நீக்கும்போது இன்னொன்று எங்கே போய் உட்கார்ந்தது என்பதைத்தான் அந்த மாற்றம் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இடது தோளுக்குப் பின்னால், கொஞ்சம் தாழ்வாக ஒரு கைப்பிடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோனால் விரல்நுனி தொடலாம், ஆனால் பிடித்துத் திருப்பும் பலம் வராது. பெல்ட் போட்டிருந்தால் அதுவும் இல்லை. மீதியுள்ள வழி, உடம்பை இடது பக்கம் முழுக்கத் திருப்பி, வலது கையைக் குறுக்கே கொண்டுபோவது. வலது கையை எடுத்தால் ஸ்டிக் கைவிட்டுப் போகிறது. உடம்பு இடதுபக்கம் முறுகும்போது, ஊன்றிக்கொள்ள வலது கால் தானாகவே முன்னால் அழுத்தும். நீங்கள் நினைத்துச் செய்வதில்லை, உடம்பே செய்கிறது. அந்த வலது காலின் கீழே இருப்பது வலது ரடர் பெடல்.

விசாரணையாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த இடத்தில் கைப்பிடி இருந்தால், அதை எட்டத் திரும்பும்போது வலது பெடல் அழுந்துகிறது என்று கண்டார்கள். லாங்-ஈசி போன்ற, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட விமானத்தில் ரடரால் மூக்கு வலதுபக்கம் போனால், விமானம் வலதுபக்கம் உருளவும் செய்யும். 5,000 அடியில் இது நடந்தால் திரும்பி உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். 500 அடியில் அதற்கு நேரம் கிடையாது.

இதோடு முடியவில்லை. கைப்பிடியில் எந்த நிலை எந்த டேங்க் என்று எழுதியிருக்கவில்லை. கைப்பிடி மேல்நோக்கி நின்றால் மூடியது. வலதுபக்கம் திருப்பினால் இடது டேங்க். கீழே திருப்பினால் வலது டேங்க். அறிந்தவர்கூட ஒரு நொடி யோசித்துத்தான் திருப்ப முடியும், அதுவும் முதுகுப்பக்கம் பார்த்துக்கொண்டு. கைப்பிடி இறுக்கமாகவும் இருந்தது.

எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழல்கள் பின்சீட்டுப் பக்கத்துச் சுவரில் இருந்தன. அவற்றிலும் அளவுக்கோடு இல்லை. இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அந்த டேங்க் செவ்வகப் பெட்டி இல்லை. இறக்கையின் வளைவோடு போகும் ஒழுங்கற்ற வடிவம். குழலில் பாதி உயரம் தெரிந்தால் டேங்கில் பாதி இருக்கிறது என்று எண்ணிவிட முடியாது. போதாததற்கு, லாங்-ஈசியை நிறுத்தும்போது முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி வைப்பார்கள். அந்த நிலையில் குழல் காட்டும் மட்டமும் பறக்கும்போது காட்டும் மட்டமும் வேறு.

என்ஜினைப் பற்றி ஒரு சொல். பிளான் 115 குதிரைத்திறன் லைகமிங் ஓ-235 என்ஜினை வைத்து வரையப்பட்டது. இந்த விமானத்தில் இருந்தது 150 குதிரைத்திறன் ஓ-320. முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்குக் குடிக்கும் எரிபொருள் கூடும். மூன்று முறை தொட்டு எழும்போது என்ஜின் மூன்று முறை முழு வேகத்துக்குப் போயிருக்கிறது.

அந்தப் பிற்பகல்

டென்வர் அனுபவமற்றவர் இல்லை. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், ஜெட் விமானமும் ஓட்டியவர். தந்தை அமெரிக்க விமானப்படையில் விமானி. அவருக்கு அப்போது செல்லுபடியாகும் மருத்துவச் சான்று இல்லை என்பது உண்மை. ஆனால் மதுவோ போதைப்பொருளோ பரிசோதனையில் தென்படவில்லை, விபத்தை விசாரித்த வாரியம் அதைக் காரணமாகச் சொல்லவும் இல்லை. இந்த விமானத்தை அவர் அண்மையில்தான் வாங்கியிருந்தார். முந்தைய நாள்தான் இதில் சுருக்கமான ஒரு பழக்கப் பறப்பு. பெடல்களுக்குக் கால் நன்றாக எட்டுவதற்கு அவருக்கு ஒரு மெத்தை தேவைப்பட்டது. முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்தால் உடம்பு முன்னால் வருகிறது, தோளுக்குப் பின்னால் உள்ள கைப்பிடி இன்னும் தூரம் போகிறது.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது அந்தப் பிற்பகல் தரையில் நடந்தது. கைப்பிடி எட்டவில்லை, இறுக்கமாகவும் இருக்கிறது என்பது அவருக்கும், உதவிக்கு இருந்த பராமரிப்புத் தொழிலாளிக்கும் தெரிந்தே இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். கைப்பிடியை நீட்டுவதற்கு ஒரு பூட்டுக் குறடைக் கவ்வவைத்துப் பார்த்தார்கள், அப்போதும் சரிவரவில்லை. தேவைப்பட்டால் ஆட்டோபைலட்டைப் போட்டு விமானத்தை மட்டமாக வைத்துக்கொண்டு வால்வைத் திருப்பிக்கொள்வேன் என்றார் டென்வர். குழல்கள் பின்னால் இருப்பதால், தோளுக்கு மேலாகப் பார்க்க அந்தத் தொழிலாளி ஒரு சோதனைக் கண்ணாடியைக் கொடுத்தார். வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால்வாசிக்கும் குறைவு என்று பார்த்தும் சொன்னார். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம் போலத்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்று பதில் வந்தது.

குறடு ஒரு குறைக்கு ஒட்டு. கண்ணாடி இன்னொரு குறைக்கு. ஆட்டோபைலட் மூன்றாவதற்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் புத்திசாலித்தனமாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால், இந்த விமானத்தில் சாதாரணமாகச் செய்ய வேண்டிய ஒரு வேலைக்கு மூன்று ஒட்டுவேலை தேவைப்படுகிறது என்று புரியும். ஆட்டோபைலட் யோசனை உயரத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சாவகாசமாக டேங்க் மாற்றும் விமானிக்குப் பொருந்தும். கரையோரம் சில நூறு அடியில் என்ஜின் சத்தம் குறைந்த நொடியில் யாருடைய கையும் முதலில் ஆட்டோபைலட்டுக்குப் போகாது. வால்வுக்குத்தான் போகும்.

நீரிலிருந்து எடுத்தபோது வால்வு எந்த டேங்குக்கும் முழுதாகத் திரும்பாத இடைப்பட்ட நிலையில் இருந்தது.

வாரியம் சொன்னதும் என் பார்வையும்

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1999-இல் முடிவை வெளியிட்டது. வால்வைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் ஓட்டுவதிலிருந்து விலகியது, வலது ரடரை அறியாமல் அழுத்தியதால் கட்டுப்பாடு போனது. இது முதல் காரணம். பறக்குமுன் சரியாகத் திட்டமிடாதது, குறிப்பாக எரிபொருள் நிரப்பாதது, அதுவும் காரணம். எட்டாத இடத்தில், குறியீடு இல்லாமல் கைப்பிடியை வைத்த கட்டியவரின் முடிவு, அளவுக்கோடு இல்லாத குழல்கள், புதிய வகை விமானத்துக்கு மாறுவதற்குப் போதிய பயிற்சி பெறாதது, அந்த வகையில் அனுபவக் குறைவு ஆகியவை துணைக்காரணிகள்.

எனக்கு இந்த வரிசையோடு சண்டை இல்லை. விமானியே பொறுப்பாளர், எரிபொருள் அவர் கணக்கு. ஆனால் கட்டுபவர்கள் இந்த வரிசையைப் படித்து “விமானி தவறு” என்று ஆறுதல்பட்டுக்கொள்வதை ஏற்க முடியவில்லை. டேங்க் முழுக்க நிரம்பியிருந்தாலும் ஒருநாள் யாரோ ஒருவர் அந்தக் கைப்பிடிக்காகத் திரும்பியே ஆக வேண்டும். எரிபொருள் குறைவு அந்த நாளை முன்னால் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

சட்டம் கட்டுபவருக்கு நிறையச் சுதந்திரம் தருகிறது. அமெரிக்க விதிப்படி, விமானத்தின் பெரும்பகுதியை ஒருவர் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ தானே கட்டினால் அது ‘சோதனை வகை’யில் பதிவாகும். 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். தயாரிப்பாளர் என்ற இடத்தில் கட்டியவர் பெயர்தான் போகும். தொழிற்சாலை விமானத்தின் வடிவமைப்புக்குத் தேவைப்படும் சான்று இங்கே தேவையில்லை. ஆய்வாளர் வந்து பார்ப்பார், ஆனால் வால்வை இங்கே வைத்தது நல்ல யோசனைதானா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. அந்தத் தீர்ப்பு கட்டுபவருடையது.

தானே கட்டியவர் தானே ஓட்டும்வரை இந்த ஏற்பாடு ஓரளவு வேலை செய்யும். அவருக்குக் கைப்பிடியின் ஒவ்வொரு நிலையும் தெரியும், எப்போது மாற்ற வேண்டும் என்ற பழக்கமும் வந்துவிடும். சிக்கல் விமானம் கைமாறும் நாளில் தொடங்குகிறது. வீட்டில் கட்டிய விமானங்கள் பற்றி அதே வாரியம் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011-இல் அது விசாரித்த விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை தானே கட்டாமல் விலைக்கு வாங்கிய விமானங்களில் நடந்தவை. வாங்கியவருக்கு விமானம் கிடைக்கிறது, கட்டியவர் தலைக்குள் இருந்தது கிடைப்பதில்லை.

கட்டுபவர் என்ன செய்யலாம்

பிளானை ஓர் எழுத்துகூட மாற்றாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. வீட்டில் கட்டுவதன் மகிழ்ச்சியில் பாதி, இதை வேறு மாதிரி செய்தால் என்ன என்று யோசிப்பதில் இருக்கிறது. எல்லா மாற்றமும் ஒரே கனமும் இல்லை. சீட்டின் துணியை மாற்றுவதை யாரும் கேட்கப்போவதில்லை. இறக்கையின் வடிவம், இறக்கையைத் தாங்கும் தண்டான ஸ்பாரில் துணி அடுக்குகளின் எண்ணிக்கை, எடை மையம் போன்றவற்றை வடிவமைப்பாளரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், பயமும் இருக்கும். வால்வு, ஸ்விட்ச், கைப்பிடி போன்றவை இரண்டுக்கும் நடுவில் விழுகின்றன. விமானம் இவற்றால் உடையப்போவதில்லை, அதனால் பயம் வருவதில்லை. எடையும் வலிமையும் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வரும். விமானியின் உடம்பு அந்தக் கணக்கில் வராது. கட்டுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

குழாய் காக்பிட்டில் வேண்டாம் என்பவருக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வால்வைப் பின்னாலேயே வைத்து, அதைத் திருப்பும் கைப்பிடியை ஒரு தண்டின் மூலம் முன்னால், பிளான் சொன்ன இடத்துக்கே கொண்டுவரலாம். வேலை கூடும், இணைப்புகளில் ஆட்டம் வராமல் பார்க்க வேண்டும். ஆனால் குழாய் பின்னால் இருக்கும், கை முன்னால் இருக்கும். பிளானை மாற்றும்போது எதை மாற்ற நினைக்கிறோம், எது கூடவே மாறிப்போகிறது என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வழி கண்ணில் படும்.

கைப்பிடியின் முனை எந்த டேங்கைக் காட்டுகிறதோ அந்த டேங்கிலிருந்துதான் எரிபொருள் வர வேண்டும். வலது பக்கம் காட்டினால் வலது. இதற்கு விளக்கமே தேவைப்படக்கூடாது. ஒவ்வொரு நிலையிலும் ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும், நடுவில் நின்றால் கைக்குத் தெரிய வேண்டும். ‘மூடு’ நிலைக்குப் போக ஒரு தடையைத் தூக்கவோ அழுத்தவோ வேண்டியிருந்தால் இன்னும் நல்லது. எழுத்து, நிறம் இரண்டாலும் குறியிடுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் அது அப்படியே நின்றுவிடும். முதல் பறப்புக்கு முந்தைய பட்டியலிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.

அளவுக் குழலுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். விமானத்தைப் பறக்கும் நிலைக்கு மட்டம் பார்த்து நிறுத்துங்கள். டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு, அளந்த பாத்திரத்தில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குழலில் கோடு போடுங்கள். கோடுகளுக்கு இடையே இடைவெளி சமமாக இருக்காது. அந்தச் சமமின்மையைத்தான் கண்ணால் ஊகிக்க முடியாது. அதை முடித்ததும், மூக்கைத் தரையில் ஊன்றிய நிலையில் குழல் என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதற்குத் தனியாக ஒரு அட்டவணை எழுதி வையுங்கள்.

எரிபொருள் ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பிடித்துப் பார்க்க வேண்டும். பம்ப் மூலம் வருவதாக இருந்தால் முழு வேகத்தில் என்ஜின் குடிப்பதைப்போல 125 சதவீதம், ஈர்ப்பால் மட்டும் இறங்குவதாக இருந்தால் 150 சதவீதம் வர வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோல். இடது, வலது இரண்டு நிலையிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், கொட்டகைக்கு வெளியே செய்யுங்கள்.

அப்புறம், எழுதுங்கள். பிளானிலிருந்து விலகிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். பிளான் என்ன சொன்னது, நான் என்ன செய்தேன், ஏன், எப்படிச் சோதித்தேன், இதனால் விமானிக்கு என்ன கூடுதல் வேலை. கடைசிக் கேள்விதான் முக்கியம். “டேங்க் மாற்ற ஸ்டிக்கை விட வேண்டும்” என்று தன் கையாலேயே எழுத நேர்ந்திருந்தால், அந்த விமானத்தைக் கட்டியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் கொட்டகைக்குப் போயிருப்பார் என்று நான் நம்புகிறேன். அந்தப் பக்கங்கள் விமானத்தின் பதிவேட்டோடு சேர்ந்து போக வேண்டும், விற்கும்போதும்.

வாங்குபவருக்கும் ஒன்று. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2011-இல், பழக்கமில்லாத வகை விமானத்துக்கு மாறுபவர்களுக்காக ஓர் அறிவுரைச் சுற்றறிக்கை வெளியிட்டது. அதே வகையை நன்கு அறிந்த பயிற்றுநரோடு, முடிந்தால் அதே விமானத்தில் பழகச் சொல்கிறது. ஒரே பிளானில் கட்டிய இரண்டு விமானங்கள் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். லாங்-ஈசி ஓட்டியிருக்கிறேன் என்பவர் ஓட்டியது இன்னொருவர் கட்டிய லாங்-ஈசி.

கடைசியாக, உட்கார்ந்து பார்க்கும் சோதனை. உடல்கூடு தயாரானவுடன், எபாக்சி வேலை முற்றிலும் முடிந்து எதையும் நகர்த்த முடியாமல் போவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். சீட்டைப் பொருத்தி, பெல்ட்டை இறுக்கிக் கட்டி, பறக்கும்போது போடும் அதே சட்டையையும் காலணியையும் போட்டு உட்காருங்கள். உங்களைவிட உயரமான ஒருவரையும் குள்ளமான ஒருவரையும் மெத்தை வைத்து உட்காரச் சொல்லுங்கள். வலது கை ஸ்டிக்கில், கண்கள் மூடியிருக்க வேண்டும். “என்ஜின் நிற்கிறது, டேங்கை மாற்று” என்று ஒருவர் வெளியிலிருந்து எதிர்பாராத நேரத்தில் சொல்லட்டும். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் உங்கள் கையைப் பார்க்க வேண்டாம், கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பெடல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.